பெல்ட் – டிஸ்க் சாண்டர்: பொருத்துவது முதல் பாதுகாப்பாகத் தேய்ப்பது வரை

உப்புத்தாள் ஒட்டிய சுழலும் வட்டத் தட்டாலும் (டிஸ்க்) ஓடும் உப்புத்தாள் பட்டையாலும் (பெல்ட்) மரத்தைத் தேய்க்கும் இயந்திரம்தான் பெல்ட் – டிஸ்க் சாண்டர். புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பிளக்கைச் செருகி, கைக்குக் கிடைத்த கட்டையை டிஸ்க்கில் வைத்துப் பார்க்கிறார்கள். கட்டை எகிறுகிறது, அல்லது முனை கோணலாகத் தேய்கிறது, அல்லது பெல்ட் ஒரு பக்கமாக ஓடி ஓரம் கிழிகிறது. உடனே இயந்திரம் மட்டம் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். மரத்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைத் தாண்டிப் போவதால்தான் இந்த மூன்றும் நடக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதியில் மரமே வராது. பொறுமையாக வரிசைப்படி செய்யுங்கள்.

மேசைமேல் வைக்கும் சாண்டரைப் பற்றிப் பேசுகிறேன். 4 அங்குல அகலமும் 36 அங்குலச் சுற்றும் கொண்ட பெல்ட், அதன் பக்கவாட்டில் 6 அங்குல டிஸ்க். சிறு பட்டறைகளில் அதிகம் புழங்கும் அளவு இதுதான். 1 அங்குல பெல்ட் உள்ள சிறியதற்கும், 6க்கு 48 அங்குல பெல்ட் உள்ள பெரியதற்கும் முறை ஒன்றே. எடுத்துக்காட்டாக, குழந்தைகளின் நடைவண்டிக்கு மரச் சக்கரம் செய்வதை எடுத்துக்கொள்கிறேன். வட்டம், சமமுகம், வெட்டு முனை மூன்றும் அந்த ஒரு வேலையில் வந்துவிடுகின்றன.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

நல்ல மூலைமட்டம் ஒன்று, ஆலன் கீ தொகுப்பு, ஸ்பேனர், இரண்டு கிளாம்ப்கள், கூரான பென்சில். 80, 120, 180 நம்பர்களில் தலா இரண்டு பெல்ட்கள். 80, 120 நம்பரில் பின்புறம் பசை உள்ள வட்டத் தாள்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம், காதடைப்பான். பெல்ட்டைச் சுத்தம் செய்யும் கிரேப் ரப்பர் கட்டி.

பெல்ட் வாங்கும்போது அளவை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். இயந்திரத்தில் இருக்கும் பெல்ட்டின் உள்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். 36 அங்குலம் என்றால் 914 அல்லது 915 மி.மீ. என்று இருக்கும். சில மில்லிமீட்டர் வேறுபாட்டை இழுவிசை ஸ்பிரிங் ஏற்கும். ஒரு அங்குலத்தை ஏற்காது.

நம்பர் கூடக்கூடத் துகள் சிறுக்கும். 80 நம்பர் தாளின் துகள் ஏறத்தாழ 200 மைக்ரான், 120 நம்பரில் 125 மைக்ரான், 180 நம்பரில் 80 மைக்ரானுக்குச் சற்று மேல். முதல் துகள் கிழித்த கோட்டை அடுத்த துகள் அழிக்க வேண்டும்; அதன் பிறகுதான் மூன்றாவதற்கு வேலை. 60 நம்பரிலிருந்து நேராக 180க்குத் தாவினால் கோடுகள் அப்படியே நிற்கும். வார்னிஷ் பூசிய பிறகு அவை பளிச்சென்று கண்ணில் படும்.

பெல்ட்களை மடித்து வைக்காதீர்கள். தடிமனான குழாயிலோ கட்டையிலோ தொங்கவிடுங்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தாள் ஒரு பக்கமாகச் சுருளும், இணைப்பு ஒட்டும் தளரும். கடையில் நெடுநாள் கிடந்த பெல்ட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். அதன் இணைப்பு ஓட்டத்தின் நடுவில் அறுந்து கைமேல் அடிக்கக்கூடும்.

2. இடமும் இறுக்கமும்

பெல்ட்டும் டிஸ்க்கும் மரத்தை இழுக்கின்றன. அந்த இழுப்பில் இயந்திரம் அரை அங்குலம் நகர்ந்தாலும் கை நிலை தவறும். ஆகவே அடிப்பாகத்தில் உள்ள துளைகள் வழியாக மேசையில் போல்ட் போட்டு முடுக்குங்கள். மேசையில் துளையிட மனமில்லையென்றால் தடிமனான பிளைவுட் பலகையில் இயந்திரத்தைப் பொருத்தி, அந்தப் பலகையை மேசையோடு கிளாம்பால் பிடிக்கலாம். அடியில் கொடுக்கும் ரப்பர் கால்களை மட்டும் நம்ப வேண்டாம்.

உயரத்தில் பலர் தவறுகிறார்கள். சாண்டரின் சிறு மேசை உங்கள் முழங்கை உயரத்துக்கோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். தரையில் குந்தி வேலை செய்து பழகியவர்கள் இயந்திரத்தையும் தரையில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் முகம் டிஸ்க்குக்கு நேராக வந்துவிடும். எகிறும் துண்டுக்கு விலகவும் முடியாது.

டிஸ்க்குக்கு முன்னால் நிற்க இடமும், பெல்ட் ஓடும் திசையில் இரண்டு மீட்டர் வெற்றிடமும் விடுங்கள். கைதவறிய துண்டு அந்தத் திசையில்தான் பறக்கும். அங்கே யாரும் உட்காரக் கூடாது.

3. மின்சாரம்

இந்த அளவு இயந்திரங்களின் மோட்டார் பெரும்பாலும் அரைக் குதிரைத்திறனை ஒட்டியது. சுமார் 370 வாட். ஓடும்போது மின்னோட்டம் குறைவுதான். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டால் மோட்டார் முனகிக்கொண்டே மெதுவாகக் கிளம்பும், சூடாகும். நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாதென்றால் 1.5 சதுர மி.மீ. கம்பி உள்ள, எர்த் உள்ள மூன்று கம்பி ஒயராக இருக்கட்டும். சுருட்டிய ஒயரை முழுவதும் விரித்துவிடுங்கள்; சுருளுக்குள் சூடு தங்கும்.

மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் பிளக்காக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உடல் முழுக்க இரும்பாலான இயந்திரத்தில் அது உயிரைப் பணயம் வைப்பது. பட்டறை இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் இல்லையென்றால் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் போடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த இயந்திரம் என்றால் அதன் விவரத் தகட்டில் உள்ள எழுத்தைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாற்றிப்பெட்டி வோல்ட்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், கூடுதல் சூட்டில் ஓடும்.

மின்வெட்டு நம் ஊர்களுக்கே உரிய ஆபத்து. தேய்க்கும்போது மின்சாரம் போகிறது. சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வந்து பெல்ட்டைக் கையால் தடவிப் பார்க்கும் நேரத்தில் மின்சாரம் வருகிறது. மின்சாரம் திரும்பினாலும் தானாக ஓடாத வகை சுவிட்ச் உங்கள் இயந்திரத்தில் இருக்கிறதா என்று, பெல்ட்டையும் டிஸ்க்கையும் தொடாமல், சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றை வாங்கிப் போடுங்கள். அதுவரை, மின்சாரம் போன நொடியில் இயந்திரச் சுவிட்சை அணைப்பது கைப்பழக்கமாக வேண்டும்.

4. தூசிக்கு வழி

தூசி உறிஞ்சுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். இதை முன்னால் கொண்டுவரக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. மூக்கிலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. இழைப்புளி சுருள் சுருளாகத் தள்ளும், சாண்டர் மாவாக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசி சீக்கிரம் தரையில் படியும். தெரியாதது நெடுநேரம் காற்றில் நிற்கும்.

இயந்திரத்தின் தூசித் துளையின் உள்ளளவை அளந்துகொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால் பி.வி.சி. குழாய் இணைப்பிலேயே பொருத்தமானது கிடைத்துவிடும். அதில் வேக்குவம் கிளீனரின் குழாயை மாட்டுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரின் வடிகட்டி சாண்டர் தூசியில் விரைவில் அடைத்துக்கொள்ளும். நடுவில் மூடியுள்ள வாளி வைத்து, தூசி அதில் விழுந்த பிறகு காற்று மட்டும் போகும்படி செய்தால் வடிகட்டி பிழைக்கும். டிஸ்க், பெல்ட் இரண்டுக்கும் தனித்தனித் துளை இருந்தால், பயன்படுத்தாததை அடைத்துவிடுங்கள்.

எவ்வளவு உறிஞ்சினாலும் முகக்கவசம் வேண்டும். மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. ஈட்டி மரத்தின் தூசி சிலருக்கு மூச்சிரைப்பையும் தோல் தடிப்பையும் கொண்டுவரும். தேக்குத் தூசிக்கும் தோல் அரிப்பு வருபவர்கள் உண்டு.

5. பெல்ட்டை மாட்டி ஓட்டத்தைச் சரிசெய்தல்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். முழங்கை பட்டுச் சுவிட்ச் ஆன் ஆகிவிடலாம். பிடுங்கிய பிளக் தானாகச் செருகிக்கொள்ளாது.

இழுவிசை நெம்பைத் தளர்த்திப் பழைய பெல்ட்டைக் கழற்றுங்கள். உருளைகளிலும் அவற்றுக்கு நடுவே பெல்ட்டைத் தாங்கும் தகட்டிலும் ஒட்டியிருக்கும் தூசியைத் துடையுங்கள். உருளையில் ஓரிடத்தில் பிசின் கட்டியிருந்தால் பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் குதிக்கும்; மரத்தில் அலை அலையாகத் தெரியும்.

புதிய பெல்ட்டின் உள்பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். அது ஓட்டத் திசையைக் காட்ட வேண்டும். அம்பு உள்ள பெல்ட்டில் ஒரு முனை மற்றதன்மேல் ஏறி ஒட்டப்பட்டிருக்கிறது. மாற்றி மாட்டினால் ஏறிய முனை மரத்தில் இடித்து உரியத் தொடங்கும். அம்பில்லாத பெல்ட்டில் முனைகள் நேருக்கு நேர் பொருந்தி அடியில் நாடா ஒட்டியிருக்கும். அதை எப்படியும் மாட்டலாம்.

இரண்டு உருளைகளிலும் நடுவாக வைத்து நெம்பை இறுக்குங்கள். இப்போது கையால் பெல்ட்டைச் சில சுற்றுகள் சுற்றிப் பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்களின் பெல்ட்தான் முதல் ஓட்டத்திலேயே ஓரம் கிழிகிறது. கையால் சுற்றும்போதே ஒரு பக்கம் நகர்ந்தால் பெல்ட்டை இடமோ வலமோ நகர்த்தும் ஓட்டத் திருகைக் கால் சுற்று திருப்பி மறுபடி சுற்றுங்கள்.

கையால் சுற்றும்போது நிலையாக நின்றால், கருவிகளை எல்லாம் அகற்றி, பிளக்கைச் செருகுங்கள். பக்கவாட்டில் நின்றுகொண்டு சுவிட்சைப் போட்டு உடனே அணையுங்கள். பெல்ட் எந்தப் பக்கம் போகிறது என்பது அந்த ஓரிரு நொடியில் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கம் திருகுங்கள், மறுபடி போட்டு அணையுங்கள். நகர்வு நின்றதும் ஒரு நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டுக் கவனியுங்கள். திருகைத் திருப்பியதும் பெல்ட் உடனே அடங்காது, சில நொடிகள் எடுக்கும். பொறுமையில்லாமல் மேலும் மேலும் திருகுபவர்கள் பெல்ட்டை இடமும் வலமுமாக ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

படுத்த நிலையில் உள்ள பெல்ட்டைச் செங்குத்தாக நிமிர்த்தினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். நிலை மாறினால் ஓட்டமும் சற்று மாறும்.

6. சாண்டரின் சிறு மேசையை நேராக்குதல்

டிஸ்க்கில் தாள் ஒட்டுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. வெறும் இரும்புத் தட்டில் மூலைமட்டம் துல்லியமாக உட்காரும். தாளின்மேல் வைத்தால் மூலைமட்டத்தின் விளிம்பும் தேயும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூலைமட்டத்தின் கட்டையை மேசையில் வைத்து, அலகை டிஸ்க்கில் பொருத்துங்கள். பின்னால் செல்பேசி விளக்கைப் பிடித்தால் இடைவெளி எங்கே என்று ஒளிக்கோடு காட்டும். மேசையைத் திருப்பி 90 பாகையில் முடுக்குங்கள். மேசையில் ஒட்டியிருக்கும் பாகைப் பட்டை தோராயமானது. நேராக்கிய பிறகு அதன் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

அடுத்து, மேசைக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளி. தாளின் தடிமனைக் கணக்கில் கொண்டு ஒன்றரை மில்லிமீட்டர் விடுங்கள். அதிகமாக விட்டால் மெல்லிய துண்டு அந்தச் சந்தில் கீழே இழுக்கப்படும், விரல் நுனியும் அதன் பின்னாலேயே போகும். மேசையைச் சாய்த்தால் இந்த இடைவெளி மாறிவிடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். சாய்த்த ஒவ்வொரு முறையும் மறுபடி அளந்து வையுங்கள். பெல்ட்டின்மேல் மரம் ஓடிவிடாமல் நிறுத்தும் தடுப்புத் தகட்டுக்கும் இதே அளவுதான்.

கடைசியாக, மரத்தை வேண்டிய கோணத்தில் பிடிக்க உதவும் கோண அளவி ஓடும் பள்ளம் டிஸ்க்குக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

7. டிஸ்க்கில் தாள் ஒட்டுதல்

பழைய தாளை உரிக்க வரவில்லையென்றால் தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், பசை இளகும். மிச்சமுள்ள பசையை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, தட்டு முற்றிலும் உலரும் வரை காத்திருங்கள். ஈரத்தில் ஒட்டினால் தாள் நிற்காது. அந்த ஆவியில் தீப்பொறியும் படக் கூடாது.

பின்காகிதத்தை முழுவதும் உரித்துவிட்டு ஒட்டப் பார்த்தால் தாள் கோணலாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதியை மட்டும் உரித்து மடித்து, விளிம்பைத் தட்டின் விளிம்போடு பொருத்தி ஒட்டி, பிறகு மீதியை உரித்துக்கொண்டே அழுத்திச் செல்லுங்கள். காற்றுக் குமிழ் தங்கினால் அந்த இடம் உப்பி மரத்தைச் சுரண்டும். மென்கட்டையால் நடுவிலிருந்து வெளிநோக்கி அழுத்தித் தேயுங்கள். தாள் தட்டைவிட்டு எங்கும் வெளியே நீட்டக் கூடாது. நீட்டிய நுனி மேசை விளிம்பில் அடித்துத் தாளையே கிழித்துவிடும்.

8. உடை

லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் முந்தானை எதுவும் ஆகாது. முழுக்கைச் சட்டையென்றால் முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடியுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு ஆகியவற்றைக் கழற்றுங்கள். கயிற்றைக் கழற்றத் தயங்குபவர்கள் அதன்மேல் இறுக்கமான கைப்பட்டை போட்டுக்கொள்ளட்டும். நீண்ட கூந்தலைக் கொண்டையாக்கிக் கட்டுங்கள்.

கையுறை கூடவே கூடாது. விரல் பெல்ட்டில் பட்டால் தோல் உரியும். கையுறை பட்டால் துணி சிக்கிக் கையையே இழுத்துக்கொண்டு போகும். பார்வைக்கு அணியும் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருப்பதால் அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். செருப்புக்குப் பதில் மூடிய ஷூ.

9. டிஸ்க்கில் தேய்த்தல்

டிஸ்க்கில் ஒரு பாதி கீழ்நோக்கியும் மறுபாதி மேல்நோக்கியும் ஓடுகிறது. கீழ்நோக்கி ஓடும் பாதியில் மட்டுமே மரத்தை வைக்க வேண்டும். அந்தப் பாதி மரத்தை மேசையோடு அமுக்கிப் பிடிக்கும். மேல்நோக்கி ஓடும் பாதி மரத்தை மேசையிலிருந்து தூக்கி உங்கள் முகத்துக்கு எறியும். பெரும்பாலான இயந்திரங்களில் டிஸ்க்கைப் பார்த்து நின்றால் இடது பாதிதான் கீழே ஓடும். ஆனாலும் உங்கள் இயந்திரத்தின் அம்புக்குறியைப் பாருங்கள். அணைத்த பிறகு டிஸ்க் மெதுவாகிச் சுற்றும்போதும் திசை தெரியும். தெரிந்ததும் கூடாத பாதிக்கு எதிரே மேசையில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். பட்டறைக்கு வரும் அடுத்த ஆளுக்கும் அது உதவும்.

நிமிடத்துக்கு 2850 முறை சுற்றும் 6 அங்குல டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. மையத்திலிருந்து ஓர் அங்குலத்தில் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்குதான்; மையத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே கட்டையை அசையாமல் பிடித்தால் விளிம்புப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து முனை சாயும், அங்கேயே கருகவும் செய்யும். எனவே கட்டையை விளிம்புக்கும் மையத்துக்கும் இடையே மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள்; சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

முதல் வேலை சோதனை. ஒரே தடிமனான இரண்டு கட்டைகளின் மேல்முகத்தில் பென்சிலால் குறியிடுங்கள். இரண்டின் முனையையும் டிஸ்க்கில் தேய்த்து, சமதளத்தில் குறி இரண்டும் மேலே இருக்கும்படி முனையோடு முனை சேர்த்து வையுங்கள். மேசை கோணலாக இருந்தால் இங்கே இரு மடங்காகத் தெரியும். மேலே தொட்டு அடியில் சந்து தெரிந்தால் மேசையின் வெளி விளிம்பு தாழ்ந்திருக்கிறது. அடியில் தொட்டு மேலே சந்து என்றால் உயர்ந்திருக்கிறது. ஒரு கட்டையைக் கவிழ்த்து வைத்துப் பார்க்காதீர்கள். கவிழ்த்தால் இரண்டு கோணலும் ஒன்றுக்கொன்று பொருந்தி, எல்லாம் சரி என்று ஏமாற்றிவிடும்.

பிறகு உண்மையான வேலை. கோடு வரைந்து, ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மீதியைத் தேயுங்கள். அரை அங்குலத்தைத் தேய்த்தே தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தாளையும் மரத்தையும் கருக்குகிறார்கள். மோட்டார் வேகம் எடுத்த பிறகே மரத்தைக் கொண்டுபோங்கள். அழுத்த வேண்டியதில்லை, தொட்டால் போதும். மோட்டாரின் சத்தம் இறங்கினால் அதிகம் அழுத்துகிறீர்கள் என்று பொருள். பென்சில் கோடு பாதி மறையும்போது எடுத்துவிடுங்கள்.

விரல்கள் டிஸ்க்கிலிருந்து எப்போதும் இரண்டு அங்குலத்துக்கு அப்பால் இருக்கட்டும். அந்தத் தூரத்தில் பிடிக்க முடியாத சிறு துண்டைப் பெரிய கட்டையில் இருபக்கப் பசை நாடாவால் ஒட்டித் தேயுங்கள். இன்னும் நல்லது, நீளமான கட்டையின் முனையைத் தேய்த்து முடித்த பிறகு துண்டை அறுத்தெடுப்பது.

10. நடைவண்டிச் சக்கரத்தை வட்டமாக்குதல்

சக்கரத்தைக் கையில் பிடித்து வட்டமாகத் தேய்க்க முயல்பவர்களின் சக்கரம் உருளைக்கிழங்காகத்தான் வரும். கண்ணால் வட்டம் வராது. மையத்தைக் கட்டிப்போட வேண்டும்.

3 அல்லது 4 அங்குல விட்டத்துக்குக் கவராயத்தால் வட்டம் வரையுங்கள். மையத்தில் ஊசி குத்திய இடத்தை அழிய விடாதீர்கள். முதலில் அச்சுக்கான துளையை நேராகப் போடுங்கள். பிறகே வெளியே அறுங்கள். வட்டத்தை முடித்துவிட்டு மையத்தைத் தேடினால் சக்கரம் கோணிக்கோணி ஓடும்.

ஒரு பிளைவுட் பலகையில் அந்தத் துளைக்கு ஆடாமல் பொருந்தும் மரக்குச்சியை நட்டு, அதில் சக்கரத்தைச் செருகுங்கள். குச்சி துளைக்குள் ஆடினால் அந்த ஆட்டம் அப்படியே வட்டத்தில் பதியும். டிஸ்க் ஓடாத நிலையில், இந்தப் பலகையைக் கீழ்நோக்கி ஓடும் பாதிக்கு எதிரே மேசையில் வைத்து, சக்கரத்தின் மிக மேடான இடம் தாளைத் தொடும்வரை நகர்த்தி, ஒரு பக்கத்தை மட்டும் கிளாம்பால் பிடியுங்கள். அந்தப் பக்கம் கீல்போல இருக்க, மறுபக்கத்தை அழுத்தினால் சக்கரம் டிஸ்க்கை நோக்கி மெதுவாக நகரும்.

சக்கரத்தைச் சற்றுப் பின்னிழுத்து இயந்திரத்தைப் போடுங்கள். டிஸ்க்குக்கு எதிர்ப்புற விளிம்பைப் பிடித்து, பலகையை மயிரிழை அளவு உள்ளே தள்ளி, சக்கரத்தை முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு இன்னொரு மயிரிழை. சத்தம் முதலில் விட்டுவிட்டுக் கேட்கும், ஏனென்றால் மேடுகள் மட்டும் படுகின்றன. சுற்று முழுவதும் ஒரே சத்தமாக வந்தால் வட்டம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் மறுபக்கத்தையும் கிளாம்பால் பிடித்துவிட்டால் மற்ற சக்கரங்களும் அதே அளவில் வரும். அளவு ஒன்றாக இல்லாத நடைவண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். நடை பழகும் குழந்தை அந்தப் பக்கம் சாயும்.

சக்கரத்தைச் சுற்றாமல் ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே தட்டை விழுந்துவிடும். கை ஓயும்போது முதலில் பலகையைப் பின்னுக்கு இழுங்கள், பிறகு சுற்றுவதை நிறுத்துங்கள். கூர் விளிம்புகளை இயந்திரத்தில் மழுக்க வேண்டாம். 180 நம்பர் உப்புத்தாளால் கையால் உருட்டுங்கள். குழந்தை கையில் சிராய் ஏறாது என்பதை உங்கள் உள்ளங்கையைத் தேய்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

11. பெல்ட்டில் தேய்த்தல்

டிஸ்க் வளைந்த கோடுகளை விடும். பெல்ட் நேர்கோடுகளை விடும். எனவே வெட்டு முனைக்கும் வெளிவட்டத்துக்கும் டிஸ்க், சமமுகத்துக்குப் பெல்ட். முகத்தைத் தேய்க்கும்போது மரத்தின் ரேகையும் பெல்ட்டின் ஓட்டமும் ஒரே போக்கில் இருக்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடுகள் எத்தனை நம்பர் மாற்றினாலும் எளிதில் போகாது.

தடுப்புத் தகடு இல்லாமல் பெல்ட்டை ஓட்டாதீர்கள். பெல்ட் மரத்தைத் தகட்டை நோக்கி இழுக்கும். தகடு இல்லையென்றால் மரம் அம்புபோலப் போகும், அதை அழுத்திய விரல்கள் பெல்ட்டில் விழும். மரத்தின் பின்முனையைத் தகட்டில் சாய்த்து, முகம் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி மெல்ல இறக்குங்கள். முடித்ததும் நேராகத் தூக்குங்கள். ஒரு முனையை முன்னால் இறக்கினால் அங்கே பள்ளம் விழும்.

பெல்ட் ஓடும்போது மரத்தின் முன்விளிம்பில் சற்று உப்பும். அதனால் அதிகம் அழுத்தினால் விளிம்புகள் மழுங்கும். கூர்மையான விளிம்பு வேண்டிய வேலையை பெல்ட்டில் பெரும்பகுதி முடித்து, கடைசியில் சமமான கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் கையால் தேயுங்கள்.

உருண்டைக் கட்டைகளைப் பெல்ட்டில் வெறுங்கையால் வைக்க வேண்டாம். பெல்ட் அவற்றை உருட்டி விரலையும் சேர்த்து இழுக்கும். வி வடிவப் பள்ளம் வெட்டிய கட்டையில் உட்காரவைத்துத் தேய்க்கலாம்.

12. கருகல், அடைப்பு

மரம் பழுப்பாகக் கருகினால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்: அழுத்தம், அசையாமல் பிடித்தல், தாள் அடைப்பு, தாள் தேய்வு, அந்த வேலைக்கு மிக நுண்ணிய நம்பர். புதுத்தாள் மாற்றுவதைக் கடைசியில் வையுங்கள்.

தேக்கின் எண்ணெயும் பிசினுள்ள மரங்களின் பிசினும் தாளை விரைவில் அடைக்கும். ஓடும் பெல்ட்டில் கிரேப் ரப்பர் கட்டியை லேசாக அழுத்தினால் அடைப்பு உருண்டு உருண்டு வெளியேறித் தாளின் பழைய நிறம் தெரியும். டிஸ்க்கில் இதைக் கீழ்நோக்கி ஓடும் பாதியில் மட்டும் செய்யுங்கள். சுத்தம் செய்த பிறகும் விரலுக்குச் சொரசொரப்புத் தெரியவில்லையென்றால் (இயந்திரம் நின்ற பிறகுதான் தொட வேண்டும்) தாளின் காலம் முடிந்தது. தேய்ந்த தாளில் மிச்சம் பிடிப்பவர் கூடுதலாக அழுத்துவார். விரல் வழுக்குவது அந்த அழுத்தத்தில்தான்.

13. இதில் தேய்க்கக் கூடாதவை

பழைய கதவு, நிலை, ஜன்னல் மரங்களில் ஆணி மறைந்திருக்கும். காந்தத்தால் தடவிப் பார்க்காமல் எடுத்து வராதீர்கள். அவற்றின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் அறவே கூடாது.

இரும்பையும் மரத்தையும் ஒரே இயந்திரத்தில் மாற்றி மாற்றித் தேய்ப்பது தீயை அழைப்பது. இரும்பின் தீப்பொறி தூசிப் பைக்குள் போய் மரத்தூசியில் கனன்றுகொண்டே இருக்கும். நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றும். இரும்பைத் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தூசிப் பையைக் கழற்றி, உள்ளே இருக்கும் மரத்தூசியை முழுதும் நீக்கி, பெல்ட்டை மாற்றுங்கள். அலுமினியத் தூசியோடு இரும்புத் தீப்பொறி சேருவது இன்னும் ஆபத்து. அலுமினியத்துக்கு இந்த இயந்திரத்தை ஒதுக்காதீர்கள்.

14. நிறுத்துவதும் பராமரிப்பதும்

சுவிட்சை அணைத்ததும் டிஸ்க் நிற்காது, சில நொடிகள் சுற்றும். மரக்கட்டையை அழுத்தி அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். முழுவதும் நிற்கும்வரை அருகிலேயே இருங்கள். வேக்குவம் கிளீனரை இன்னும் அரை நிமிடம் ஓடவிட்டுக் கடைசியில் அணையுங்கள். குழாயில் தங்கிய தூசியும் போய்விடும்.

அன்றன்றே பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரின் காற்றுத் துளைகளையும் சுவிட்சைச் சுற்றியுள்ள தூசியையும் உறிஞ்சுங்கள். தூசி படிந்த சுவிட்ச் ஒருநாள் அணைய மறுக்கும். சில நாள்கள் வேலை இல்லையென்றால் பெல்ட்டின் இழுவிசை நெம்பைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கத்திலேயே கிடந்தால் பெல்ட் உருளையின் வளைவுக்குப் பழகிவிடும், ஸ்பிரிங்கும் தளரும். மாதம் ஒருமுறை மேசையின் 90 பாகையையும் அடிப்பாக போல்ட்களையும் சரிபாருங்கள். அதிர்வில் இரண்டும் தளர்பவை. தூசிப் பையை நிரம்பும்வரை விடாமல் வேலை முடிந்ததும் கொட்டி, மூடியுள்ள தகரத் தொட்டியில் போட்டுப் பட்டறைக்கு வெளியே வையுங்கள்.